மலாய் நாட்டிய நாடகமும் நாமும்: நடத்த வேண்டிய வழக்கு எது?

அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு எழுத்துகள் என் பார்வைக்கு வந்தன. முதலாவது, தமிழ் நண்பர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய செய்தி. மலாய்க்காரர்களின் 'மாக் யோங்' நாட்டிய நாடகம் சோழர் படையோடு கடாரத்துக்கு வந்த நம் தெருக்கூத்துதானாம். அதைத் திருடித் தங்கள் பெயரில் யுனெஸ்கோவில் பதிந்துகொண்டார்களாம். 'தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று கட்டளையோடு அது முடிந்தது.

இரண்டாவது, ஒரு கலை நிகழ்ச்சிக்கான துண்டுப்பிரசுரம். தஞ்சோங் பகாரில் என் அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் மின்தூக்கி அருகே வைத்திருந்தார்கள். 'பங்சாவான்' என்பது மலாய் அரண்மனைகளில் பிறந்து, கலப்பின்றி வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட தூய மலாய்க் கலை என்று அதில் அச்சிட்டிருந்தது.

இரண்டும் பிழை. ஆனால் என்னை வருத்தியது இந்தப் பிழைகள் அல்ல. நம்மவர்கள் முதல் செய்தியை ஆயிரக்கணக்கில் பகிர்கிறார்கள், இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போகிறார்கள். இருபது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆதாரமே இல்லாத வழக்கைத் தெருவில் நின்று நடத்துகிறோம், கைநிறைய ஆதாரம் இருக்கும் வழக்கைத் தாக்கல்கூடச் செய்யாமல் விட்டுவிட்டோம்.

முதலில் மாக் யோங். இது பட்டாணி, கிளந்தான் பகுதிக்குரிய கலை. நடிப்பு, ஆட்டம், பாட்டு, இசை எல்லாம் சேர்ந்தது. மூன்று நரம்பு ரெபாப், இரண்டு கெண்டாங் முரசுகள், இரண்டு தெத்தாவாக் சேகண்டிகள் அதன் அடிப்படை இசைக்கருவிகள். ரெபாபை நோக்கி அமர்ந்து பாடி ஆடும் வணக்கத்தோடு ஆட்டம் தொடங்கும். பன்னிரண்டு கதைகள் மரபில் உண்டு என்பார்கள், அவற்றில் 'டேவா மூடா' முதன்மையானது. நோய் தீர்க்கும் சடங்காகவும் இதை ஆடுவது உண்டு. பட்டாணியை அரசிகள் ஆண்ட 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கே வந்த வணிகர் பீட்டர் ஃபுளோரிஸ், அரசவையில் பெண்கள் நடித்த நாடகம் ஒன்றைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். அதை மாக் யோங்கின் முன்னோடி என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நம் சிங்கப்பூருக்கு எதிரே, ரியாவ் தீவுகளிலும் இக்கலை வேரூன்றியது.

இது தெருக்கூத்தின் பிள்ளை என்பதற்கு என்ன சான்று? கட்டியங்காரன் போல இங்கே 'பெரான்' என்ற கோமாளி வருகிறான் என்கிறார்கள். உலகத்தில் கோமாளி இல்லாத கூத்து எது? தொடக்கத்தில் வணக்கம் இருக்கிறது என்கிறார்கள். வணக்கம் சொல்லாமல் மேடையேறும் பழைய கலை ஏதேனும் உண்டா? தெருக்கூத்தில் வழிவழியாக ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். மாக் யோங்கிலோ அரசனாகிய 'பாக் யோங்' வேடத்தையே பெண்தான் ஏற்று ஆடுகிறார். பிள்ளையின் முகம் தகப்பன் முகத்துக்கு நேர் எதிராக இருக்கிறதே! ஒற்றுமை என்பது விசாரணையைத் தொடங்கக் காரணமாகலாம். அதையே தீர்ப்பாக்க எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது. இந்திய மண்ணின் வாடை அக்கலையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. 'டேவா' என்ற சொல் எங்கிருந்து போனது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கிளந்தான் நிழற்கூத்தில் ராமனும் ராவணனும் இன்றும் வருகிறார்கள். ஆனால் வாடை வேறு, உரிமைப் பத்திரம் வேறு.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கிளந்தானில் 1990இல் பாஸ் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு மாக் யோங் பொதுமேடையிலிருந்து தடை செய்யப்பட்டது. 1998இல் கேளிக்கைகளைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டமும் வந்தது. இஸ்லாத்துக்கு முந்திய வழிபாட்டுக் கூறுகள் இதில் உள்ளன, பெண்கள் மேடையேறுகிறார்கள் என்பவையே சொல்லப்பட்ட காரணங்கள். அதே கலையை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. உலகம் மாலை போட்ட கலைக்குப் பிறந்த ஊரில் மேடை இல்லை! 2017இல் மலேசியா வந்த ஐக்கிய நாடுகள் சபையின் பண்பாட்டு உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளர் கரிமா பெனூன் இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். 2019 செப்டம்பரில் மாநில அரசு தடையைத் தளர்த்தியது, ஷரியா நெறிக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாயகன் வேடத்தையே பெண் ஆடும் ஒரு கலைக்கு அந்த நிபந்தனை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது சொல்லுங்கள். 'இது இந்துக் கலை, எங்கள் கலை' என்று நாம் கூவினால் யாருக்கு உதவுகிறோம்? தடை போட்டவர் தேடிக்கொண்டிருந்த வாக்குமூலத்தை நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். அந்த மூதாட்டிகள் முப்பது ஆண்டுகளாகத் தங்கள் கலை தங்கள் சமயத்துக்கு எதிரானதல்ல என்று வாதாடி வந்தவர்கள். ஒரு நெல்மணி அளவும் நமக்குப் பயன் தராத பெருமைக்காக அவர்கள் வழக்கை நாம் கெடுக்கலாமா?

இனி பங்சாவான். இங்கே நம் நிலைமை முற்றிலும் வேறு.

1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலேறி பினாங்குக்கு வந்தன. இந்துஸ்தானியில் நடித்தன. தீட்டிய திரைகள், ஆர்மோனியம், தபலா, மின்னும் உடைகள், பாட்டுக்குப் பாட்டு. மக்கள் அதை 'வாயாங் பார்சி' என்றார்கள். மொழி புரியாமலேயே பார்த்துச் சொக்கிப் போனார்கள். அந்தக் கம்பெனிகளில் ஒன்று ஊர் திரும்பும்போது அதன் திரைகளையும் உடைகளையும் பினாங்கின் ஜாவி பெரானாக்கான் செல்வந்தர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அவர் பெயர் முகமது புஷி. ஊரார் அழைத்தது மாமாக் புஷி. மலாய் மொழியில் நடிக்கச் செய்து 1885 வாக்கில் அவர் தொடங்கிய 'புஷி இந்திரா பங்சாவான்' தான் முதல் பங்சாவான் குழு என்று மலாய் நாடக வரலாற்றாசிரியர்களே எழுதுகிறார்கள். அவர் மருமகன் பாய் காசிம் நாயகனாக நடித்தார்.

அதாவது, துண்டுப்பிரசுரம் சொல்லும் அரண்மனை எங்கும் இல்லை. இருந்தது ஒரு துறைமுகம், ஒரு வியாபாரி, ஒரு கொள்முதல்.

அக்குழுக்கள் மேடையேற்றிய கதைகளைப் பாருங்கள். இந்திரசபா, லைலா மஜ்னூன், குல் பகாவலி, சகுந்தலை, ஹாம்லெட், சீனக் காதல் கதைகள், மலாய் மன்னர் கதைகள். குல் பகாவலி என்றதும் நம் வாசகர்களுக்கு 1955இல் எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி' நினைவுக்கு வரும். தற்செயல் இல்லை. பம்பாய் பார்சிக் கம்பெனிகள் கிழக்கே பினாங்குக்குப் போனது போலவே தெற்கே சென்னைக்கும் தஞ்சைக்கும் போயின. நம் கம்பெனி நாடகம் அவர்களைப் பார்த்துத்தான் திரையும் ஆர்மோனியமும் கட்டிக்கொண்டது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தர்பார் படுதா, தோட்டப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா. பங்சாவானிலும் அதே வரிசை: இஸ்தானா, தாமான், ஹூத்தான், பிறகு 'ஸ்ட்ரிட்'. ஆங்கிலத் தெருவை அப்படியே மலாயாக்கிவிட்டார்கள். ஆகவே பங்சாவான் தமிழ் நாடகத்தின் பிள்ளை அல்ல, ஒரே தாய் பெற்ற உடன்பிறப்பு. எனக்கென்னவோ தகப்பனாக இருப்பதைவிட இந்த உறவு பிடித்திருக்கிறது.

காட்சிக்கும் காட்சிக்கும் இடையே, பின்னால் படுதா மாற்றும் நேரத்தில், முன்மேடையில் ஆட்டமும் பாட்டும் நடக்கும். 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்பார்கள். ரோங்கெங், ஜோகெட், இனாங், இந்துஸ்தானி நடனம், மேல்நாட்டு ஃபாக்ஸ்டிராட் எல்லாம் அங்கே ஆடப்பட்டன. அரபு ஹத்ரமிகள் கொண்டுவந்த ஜாப்பின் ஊர் ஊராகப் பரவியதிலும் பங்சாவான் மேடைக்கும் பின்னர் மலாய்ப் படங்களுக்கும் பங்குண்டு. இன்று பாரம்பரிய மலாய் நடனம் என்ற பெயரில் பள்ளிகளில் பயிற்றப்படுவதில் ஒரு பகுதி, படுதா மாற்றும் அந்தச் சில நிமிடங்களில் வளர்ந்தது.

சிங்கப்பூர் இதன் பெரிய சந்தை. 'ஸ்டார் ஓப்ரா' என்ற பங்சாவான் கம்பெனியும் நார்த் பிரிட்ஜ் சாலையிலிருந்த தியேட்டர் ராயலும் சீனப் பெரானாக்கான் வணிகக் குடும்பத்தின் கையில் இருந்தன. 1920களில் இங்கே தஞ்சோங் பகாரில், ஆன்சன் சாலையில், 'ஹேப்பி வேலி' கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923இல் ஜாலான் புசாரில் 'நியூ வோர்ல்ட்' வந்தது, பிறகு 'கிரேட் வோர்ல்ட்', 'ஹேப்பி வோர்ல்ட்'. இத்தகைய பூங்காக்களில் பங்சாவானுக்கென்று மேடை இருந்தது. 1934இல் சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் படமான 'லைலா மஜ்னூன்' பங்சாவான் கதை, பங்சாவான் நடிகர்கள், இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். பி. ரம்லி முதன்முதலாக நாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது, அதை இயக்கிய எல். கிருஷ்ணன் தமிழர்.

என் அலுவலகத்துக்கு உயில் எழுத வந்த பெரியவர் ஒருவரிடம் இந்தத் துண்டுப்பிரசுரத்தைக் காட்டினேன். கடையநல்லூர்க்காரர். மேக்ஸ்வெல் சாலைப் பக்கம் வளர்ந்தவர். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். (அது பின்னாளில் இந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்து 1982இல் மூடப்பட்டது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அதற்கொரு தனிக் கட்டுரை எழுத வேண்டும்.) பிரசுரத்தைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"அத்தா என்னயத் தோள்ல வச்சு நியூ வோர்ல்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க தம்பி. பக்கத்துல சீனத்தி உக்காந்து அழுவா. முன்னால மலாய்க்காரக் கூட்டம் சிரிக்கும். தபலா வாசிச்சவரு நம்ம பாசையில வஞ்சுக்கிட்டே வாசிப்பாரு. சினிமா அப்புறம்தான. எங்களுக்கு அதான் சினிமா."

"அப்ப அது யாருடைய நாடகம் பெரியவரே?" என்றேன், வக்கீல் புத்தி விடவில்லை.

"டிக்கெட்டு வாங்குனவன் நாடகம்" என்று சொல்லிவிட்டு உயிலுக்குத் திரும்பினார்.

இப்படி எல்லார் காசிலும் எல்லார் கையிலும் வளர்ந்த கலை எப்போது 'தூய பாரம்பரியம்' ஆனது? விடை 1971இல் இருக்கிறது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டிலிருந்து மலேசியாவின் தேசியப் பண்பாட்டுக் கொள்கை பிறந்தது. இவ்வட்டார மக்களின் பண்பாடே அடிப்படை, பொருத்தமான பிற கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்பவை அதன் மூன்று கோட்பாடுகள். அப்போது சினிமாவால் நலிந்து கிடந்த பங்சாவானை அரசு தூக்கி நிறுத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் நிறுத்தும்போதே குளிப்பாட்டிவிட்டார்கள். மலாக்கா மன்னர் கதைகள் முன்னுக்கு வந்தன, இந்துஸ்தானிக் கதைகளும் ஃபாக்ஸ்டிராட்டும் ஒதுங்கின. பினாங்கைச் சேர்ந்த இசை ஆய்வாளர் டான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட பங்சாவான் வரலாற்று நூலில், வெகுஜனக் கலையாக இருந்தது எவ்வாறு 'பாரம்பரியக்' கலையாக ஆக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக நிறுவியிருக்கிறார். படிக்காமல் முழங்குகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது, முதலில் அதைப் படியுங்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் விதி மலாய்க்காரர் யார் என்பதற்கு இரத்தத்தைக் கேட்கவில்லை. இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவர் என்கிறது. நம் சிங்கப்பூரில் குழுத்தொகுதிகளுக்காக 1988இல் சேர்த்த 39ஏ விதி இன்னும் தெளிவு: மலாய் இனத்தவரோ அல்லாதவரோ, தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி அச்சமூகமும் ஏற்றுக்கொண்டால் போதும். மனிதன் கலந்து வரலாம், சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவன் ஆடும் ஆட்டம் மட்டும் ஏன் கலப்பில்லாத பிறப்புச் சான்றிதழோடு வர வேண்டும்? 'பங்சாவான்' என்ற சொல்லில் இருக்கும் 'பங்சா'வே நம் ஊர் 'வம்சம்'. இனம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லே கடல் கடந்து வந்தது!

மலாய்ச் சகோதரர்களைக் குறை சொல்லுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். மாமாக் புஷியை வரலாற்றிலிருந்து தள்ளியவர்களில் நாமும் உண்டு. 'மாமாக்' என்ற சொல்லே நம் 'மாமா'. அதை ஒரு வசைச்சொல் போல நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? தமிழ் முஸ்லிம் வீட்டில் மலாய் பேசினால் 'அவன் மாறிவிட்டான்' என்கிறோம், மலாய்ப் பெண்ணை மணந்தால் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம். 1876இல் சிங்கப்பூரில் முதல் மலாய் இதழான 'ஜாவி பெரானாக்கான்' நடத்தியவர்கள் இந்தக் கலப்புச் சமூகத்தவர். அதே காலத்தில், 1887இல், மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தினார். பின்னவரை விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். முன்னவர்களை யாரோ போலப் பார்க்கிறோம். கடாரம் வென்ற ராஜேந்திரனுக்கு வாரிசாக ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், பினாங்கில் படுதா வாங்கிய புஷிக்கு உறவு சொல்ல ஆளில்லை.

ஒரு கேள்வி வரும்: இந்நாட்டில் மலாய்க்காரர்களும் சிறுபான்மையினர்தானே, அவர்களிடம் போய் இதைக் கேட்கலாமா? நியாயமான கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. மலாய்க்காரர்கள் இம்மண்ணின் பூர்வகுடிகள் என்பதையும், அவர்களின் பண்பாட்டைப் பேணுவது அரசின் கடமை என்பதையும் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் விதி ஏற்கிறது. அதில் ஓர் எழுத்தையும் நான் குறைக்கச் சொல்லவில்லை. பங்சாவான் மலாய்க் கலைதான். மலாய் மொழியில் வளர்ந்தது, மலாய் நடிகர்கள் உயிர் கொடுத்தார்கள், மலாய்ச் சமூகம் இன்றும் காப்பாற்றுகிறது. மலாய்க்காரரான ராம்லி இப்ராகிம் கோலாலம்பூரில் ஒடிசி ஆடிக் கற்பித்து 2018இல் இந்தியாவின் பத்மஸ்ரீ பெற்றபோது ஒடிசி ஒடியாக் கலையாக இல்லாமல் போய்விடவில்லையே. நான் கேட்பது உடைமை அல்ல, பதிவேட்டில் ஒரு வரி. 2024இல் கெபாயா உடையை சிங்கப்பூர், மலேசியா, இந்தோனீசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்தே யுனெஸ்கோவில் பதிந்தன. ஐந்து அரசுகள் ஒரு சட்டையைப் பகிர்ந்துகொள்ள முடிந்தபோது, ஒரு துண்டுப்பிரசுரத்தில் பம்பாய்க்கும் பினாங்குக்கும் இடம் இருக்காதா?

எனவே அந்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். கண்டனக் கடிதம் அல்ல. அவர்கள் எழுதியிருந்த பத்திக்குப் பதிலாக மூன்று வாக்கியங்கள் எழுதி அனுப்பினேன்: பார்சிக் கம்பெனி, முகமது புஷி, மலாய் மேடை. அங்கே பொறுப்பிலிருந்த மலாய்ப் பெண்மணி இரண்டே நாளில் தொலைபேசியில் அழைத்தார். புஷியைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். அச்சுக்குப் போகுமுன் யாரோ 'எளிமைப்படுத்தி'விட்டார்களாம். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். பிறகு, "உங்கள் பக்கத்தில் யாரிடமாவது பழைய படங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வாசகர்களிடம் அதைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டனார் எவரேனும் பங்சாவான் மேடையில் தபலாவோ ஆர்மோனியமோ வாசித்திருந்தால், படுதா தீட்டியிருந்தால், வாசலில் கடலை விற்றிருந்தால்கூட எழுதுங்கள். ஒரு நிழற்படம், ஒரு நுழைவுச்சீட்டு, ஒரு சம்பளச் சீட்டு போதும். 1979இலிருந்து வாய்மொழி வரலாறு பதிந்துவரும் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்க முயல்வோம். வழக்குக்குத் தேவை சாட்சிகள், அவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

கடையநல்லூர்ப் பெரியவர் வரும் சனிக்கிழமை மறுபடியும் வருகிறார், உயிலில் கையெழுத்திட. ஒலிப்பதிவுக் கருவி தயாராக இருக்கிறது. வைதுகொண்டே வாசித்த அந்தத் தபலாக்காரரின் பெயர் நினைவுக்கு வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.